விறகுக்கும் மெழுகுவர்த்திக்கும் நடுவே

ஆஸ்கில் பள்ளிக்கூடத்துக் கணக்கை வருடத்துக்கு ஒருமுறை, அறுவடை முடிந்த பிறகு, ஊரார் காதில் விழும்படி படிப்பார்கள். தர்மகர்த்தாக்கள் கணப்பை ஒட்டி நாற்காலிகளில் இருப்பார்கள். மற்ற ஆண்கள் பையன்களின் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். பெண்களுக்குக் கதவோரம். காரியக்காரர் எழுந்து, கூரைக்குக் கல் போட்டவன் பெயர், ஜன்னலுக்குக் கண்ணாடி பதித்தவன் பெயர், கிணற்றில் விழுந்த வாளியை எடுத்தவன் பெயர் என்று சொல்லிக்கொண்டே போவார். விறகுச் செலவு வரும். கடைசியில் மெழுகுவர்த்திச் செலவு வரும். அந்த இரண்டுக்கும் நடுவேதான் இசைக்காரர்கள் வருவார்கள். அவர்களுக்குப் பெயர் கிடையாது. ‘இன்ன பிரபுவின் இசைக்காரர்களுக்கு வெகுமதி, இன்ன நகரத்து இசைக்காரர்களுக்கு வெகுமதி’, அவ்வளவுதான். மேலங்கி யாருடையதோ அவர்கள் பெயர் கணக்கில் ஏறும். மேலங்கிக்குள் இருப்பவன் பெயர் ஏறாது.

அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. என் தாத்தாவும் அப்பாவும் தார்ன்பெக் நகரத்தின் நீல மேலங்கி போட்டவர்கள். என் தம்பி ஆம்ப்ரோஸும் போட்டான். வெகுமதி என்றால் வெகுமதி. ஏழைகளுக்குக் கொடுத்தது என்று கணக்கில் தனிப் பக்கம் உண்டு. எங்கள் ஹார்கர் வீட்டு ஆட்கள் அந்தப் பக்கத்துக்கு ஒருநாளும் போனதில்லை.

ஊர் ஊராகப் போய் வாசிக்கிறவனுக்கு மேலங்கி மட்டும் போதாது. ஒரு நகரத்தின் வில்லையோ பிரபுவின் வில்லையோ மார்பில் தொங்க வேண்டும். இல்லாதவன் சட்டத்தின் கண்ணில் நாடோடி. சட்டையைக் கழற்றி, வண்டியின் பின்னால் கட்டி, முதுகு பிளக்கும்வரை சவுக்கால் அடித்து ஊர் எல்லைக்கு அப்பால் தள்ளிவிடுவார்கள். தார்ன்பெக் வில்லை வெள்ளியில் அடித்தது. ஒரு செம்மறிக் கடா, அதன் காலடியில் ஓடை. கூட்டத்துக்கு ஒரு வில்லைதான். மூத்தவன் அதைப் போட்டு முன்னால் நடப்பான்.

நான் கல்யாணமாகி ஆஸ்கிலுக்கு வந்தவள். என் கணவர் கத்பர்ட் இந்தப் பள்ளியின் காரியக்காரராக இருந்தார். பள்ளிக்கூடத்தை ஒட்டிய கல்வீடு எங்களுடையது. அவர் போன பிறகும் தர்மகர்த்தாக்கள் என்னை அங்கேயே இருக்க விட்டார்கள். பள்ளிக்கூடத்தைக் கூட்டுவது, கணப்பு மூட்டுவது, விசேஷ நாட்களில் சமைப்பது என் வேலை. தயவு இல்லை, வேலைக்கு வீடு. அதை நான் எல்லோருக்கும் தெளிவாகச் சொல்லி வைத்திருந்தேன்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கத்பர்ட் போன பிறகு வீட்டில் பேச்சு நின்றது. பாத்திரச் சத்தம் மட்டும்தான் மிச்சம். நான் ஒரு அறையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கதவை வேண்டுமென்றே ஓசைப்பட மூடுவேன். தை மாதக் குளிரில், பள்ளியை நிறுவியவரின் நினைவு நாளன்று மட்டும் ஆம்ப்ரோஸ் தன் கூட்டத்தோடு வருவான். நனைந்த மேலங்கிகளை என் கணப்பின் முன் காயப்போடுவேன். பிய்ந்த ஓரங்களைத் தைப்பேன். அவன் குழலின் சீவாளியை வாயில் ஊறவைத்துக்கொண்டே ஊர்ச் செய்தி சொல்வான். யார் ஆடு காணாமல்போயிற்று, யார் மகள் யாரோடு ஓடிப்போனாள், எல்லாம் அதே மலைப்பக்கத்துப் பேச்சில். வருடத்தில் அந்த ஒருநாள்தான் என் வீட்டில் என் பிறந்த ஊர்க் குரல் கேட்கும்.

கத்பர்ட் இறந்த அடுத்த குளிர்காலத்தில் நடந்தது இது.

நினைவு நாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஆலங்கட்டியும் பனியுமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. நான் பெரிய பானையில் ஆட்டெலும்பும் வாற்கோதுமையும் போட்டுக் கொதிக்க வைத்திருந்தேன். எனக்குக் கைவேலைக்கு வருகிற மேபல் பாவாடையெல்லாம் பனியாக உள்ளே ஓடிவந்தாள். மேபலுக்கு வாயை மூடத் தெரியாது.

"அக்கா, தார்ன்பெக் ஆளுங்க வந்திருக்காங்க! முற்றத்துல நிக்கிறாங்க!"

"இன்னைக்கா? அடுத்த வாரம்தானே வருவான்?"

"அதான் அதிசயம். நீலச் சட்டை, வில்லை எல்லாம் இருக்கு. ஆனா உங்க தம்பி இல்லக்கா. வேற ஆளு. ஒல்லியா, நரைச்ச தாடி. காரியக்காரர் வில்லைய பாத்தாரு, காசை எடுத்துக் குடுத்துட்டாரு. கடைக்குத் திரும்பணும்னு அவசரம் அவருக்கு."

புதுக் காரியக்காரர் பிக்கர்ஸ்கில் துணி வியாபாரி. நேர்மையானவர்தான். ஆனால் உலகத்தில் உள்ள எதையும் கெஜக்கோலால் அளந்துவிடலாம் என்று நம்புகிறவர்.

குழல் சத்தம் தொடங்கியது. கிண்டுவதை நிறுத்தினேன். அந்த ஊதலை எனக்குத் தெரியும். ஒரு சுரத்தைப் பிடிக்கும் முன் கீழிருந்து லேசாகத் தொட்டுவிட்டு ஏறுவது. எங்கள் வீட்டில் ஒருவனுக்குத்தான் அந்தப் பழக்கம். அப்பா அதற்காக அவன் தலையில் குட்டுவார். குட்டிவிட்டு, அவன் அந்தப் பக்கம் போனதும் தானே அப்படி ஊதிப் பார்ப்பார்.

மைல்ஸ். என் கடைசித் தம்பி.

அவன் மீசை முளைத்த வயதில், ஒரு கிறிஸ்துமஸ் சமயம், ஏதோ ஒரு பிரபுவின் கூத்தாடிக் கூட்டம் தார்ன்பெக் வழியாகப் போயிற்று. விடிந்து பார்த்தால் மைல்ஸ் இல்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய வில்லையும் இல்லை. அப்பா நகர சபையில் போய் நின்று, வில்லை ஓடையில் தவறி விழுந்துவிட்டது என்று சொன்னார். ஆற்றோரப் புல்வெளியை விற்றுப் புது வில்லைக்குப் பணம் கட்டினார். துணிக்கட்டில் குத்துகிற ஈய முத்திரையைப் பார்த்துத் தட்டான் அச்சு வெட்டினான். வெட்டியது இடம்வலம் மாறிப்போய், கடா மறுபக்கம் திரும்பி நின்றது. "கடா எந்தப் பக்கம் பாத்தா என்ன, வாசிக்கிறது கடாவா?" என்றார் அப்பா. மைல்ஸ் எங்கே என்று கேட்டவர்களிடம், "எனக்கு ஒரே மகன்" என்றார். சாகும்வரை அதைத்தான் சொன்னார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் அதன்பிறகு அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

வாசித்து முடித்ததும் அவனும் கூட வந்த இரண்டு பேரும் சமையற்கட்டு வாசலுக்கு வந்தார்கள். வாசிக்க வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவது பள்ளி வழக்கம். நான் அகப்பையோடு திரும்பினேன். அவன் வாசற்படியில் நின்று என்னைப் பார்த்தான். நான் இங்கே இருப்பேன் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டவன். தாடி நரைத்திருந்தது. நீலச் சட்டை எங்கோ வாங்கிச் சாயம் முக்கியது, கைமடிப்பில் பழைய பச்சை தெரிந்தது. வில்லை மட்டும் எங்கள் வீட்டுடையது. கடாவின் கொம்பு தேய்ந்து வழவழப்பாகியிருந்தது.

அவன் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை. கூப்பிட நான் இடம் கொடுக்கவும் இல்லை. கிண்ணத்தை நீட்டினேன். வாங்கி, நின்றுகொண்டே குடித்தான்.

"உப்பு கம்மி" என்றான்.

சின்ன வயதிலிருந்தே என் சமையலைப் பற்றி அவன் சொல்வது அது ஒன்றுதான்.

"உப்பு வேணும்கிறவன் வீட்டோட இருந்திருக்கணும்" என்றேன்.

மேபல் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவன் சிரித்தான். முன்பல் ஒன்று இல்லை. குழல் ஊதுகிறவனுக்குப் பல் போவது பெரிய நஷ்டம்.

"வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"ரெண்டு பேரு கல்லறைல. மத்தவங்க சௌக்கியம்."

அவன் கிண்ணத்தின் அடியைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அம்மாவுமா?" என்று கேட்கும்போது குரல் இறங்கிவிட்டது.

"முதல்ல அம்மா. அப்புறம் அவரு."

கிண்ணத்தைத் துடைத்து, எங்கள் வீட்டு வழக்கப்படி கவிழ்த்து வைத்தான். கூட வந்தவர்கள் ரொட்டியை மடியில் செருகிக்கொண்டார்கள். "நல்லாருங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் பனிக்குள் இறங்கினான். கணவாய்க்குப் போகிற பாதையில் மூன்று நீலப் புள்ளிகள் கொஞ்சநேரம் தெரிந்தன. நான் கதவைச் சாத்தினேன். குளிர் உள்ளே வருகிறது என்று மேபலிடம் சொன்னேன்.

ஆனால் கணவாய் அன்றே மூடிவிட்டது. அந்தப் பக்கம் போக முடியாமல், அடுத்த சிற்றூரில் மேபலின் மச்சான் நடத்துகிற சத்திரத்திலேயே தங்கிவிட்டார்கள். மேபல் தினமும் வந்து சொன்னாள்.

"வண்டிக்காரனுங்க எல்லாம் ஆடுறானுங்களாம் அக்கா. எங்க மச்சானுக்கு ஒரே கொண்டாட்டம், பீர் பீப்பா காலியாகுது. அந்தத் தாடிக்காரர் மட்டும் வாசிச்சு முடிச்சா ஒரு வார்த்தை பேசமாட்டாராம். ஜன்னல்கிட்ட போயி உக்காந்துக்குவாராம்."

"நீ கேரட்டை நறுக்கு."

நினைவு நாளன்று பனி விட்டு வெளிறிய வெயில் அடித்தது. ஆம்ப்ரோஸ் வழக்கம்போல மதியத்துக்கு முன் வந்தான். அவனோடு சேர்த்து மூன்று பேர். பிடிலுக்கு ஒருவர், இழுத்து நீட்டுகிற பித்தளைக் கொம்புக்கு ஒருவர். தார்ன்பெக்கிலிருந்து ஆஸ்கிலுக்குத் தெற்குப் பாதை, கணவாய் இல்லை. ஆனாலும் முழங்கால்வரை சேறு. நான் கணப்பின் முன் கயிறு கட்டி வைத்திருந்தேன். ஊசியில் நீல நூலும் கோத்து வைத்திருந்தேன். அவர்கள் என் வீட்டுக்கு வரவில்லை. முற்றத்தில் பேச்சு உயர்வது கேட்டது. மேபல் வந்து, "அக்கா, உங்கள கூப்பிடுறாங்க. ஏதோ தகராறு" என்றாள்.

பள்ளி மண்டபத்தில் பிக்கர்ஸ்கில் நின்றிருந்தார். அவர் பக்கத்தில் அந்த வருடத்து ஊர்க்காவல்காரர். காவல் வேலை வருடத்துக்கு ஒருவராக மாறும். அந்த வருடம் கொல்லர் டாப்சன், மாட்டிக்கொண்ட முகத்தோடு தடியைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். ஆம்ப்ரோஸ் நடுவில் கம்பு மாதிரி விறைத்து நின்றான். எங்கள் அப்பாவின் முதுகு.

"வாங்கம்மா" என்றார் பிக்கர்ஸ்கில். "ஒரு விஷயம் தெளிவாகணும். ஒரு நகரத்துக்கு வருஷத்துல ஒரு தடவைதான் வெகுமதி. தார்ன்பெக்குக்கு போன வாரமே குடுத்தாச்சு. இப்ப இவங்க வந்து நிக்கிறாங்க."

டாப்சன் குறுக்கே சொன்னார். "ஐயா, இவரை எனக்குத் தெரியும். வருஷா வருஷம் வர்றவருதான். என் பையன் ஞானஸ்நானத்துக்குக்கூட வாசிச்சாரு."

"முகத்தை யாரு கேட்டா? முகம் அதே முகமா இருக்கலாம், ஊரு ஆளை மாத்தியிருக்கலாம். வில்லைய பாருங்க." அவர் ஆம்ப்ரோஸின் மார்பைத் தொடாமல் விரலால் சுட்டினார். "தார்ன்பெக் துணி என் கடைக்கு வராத மாசம் கிடையாது. ஈய முத்திரைல கடா இடது பக்கம் பாக்கும். போன வாரம் வந்தவன் வில்லைல கடா இடது பக்கம் பாத்துச்சு. பழைய வெள்ளி, தேஞ்சிருந்துச்சு. இது என்ன? வலது பக்கம். இது ஊரு குடுத்த வில்லை இல்ல. யாரோ அடிச்ச போலி."

"இதைத்தான் என் அப்பா காலத்துலருந்து போட்டுட்டு வர்றேன்" என்றான் ஆம்ப்ரோஸ்.

"இங்கயே வந்திருக்கீங்க, அதுவும் தெரியும். முன்ன இருந்த காரியக்காரர் உங்களுக்கு மச்சான். பாத்தும் பாக்காம விட்டிருப்பாரு."

டாப்சன் தன் பூட்ஸைப் பார்த்தார். என் கணவர் ஒரு மெழுகுவர்த்தித் துண்டைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராதவர். அவர் கைபட்ட கணக்கில் ஒருவரும் விரல் வைத்ததில்லை.

"அப்போ போன வாரம் வந்தவன் யாரு?" என்றார் பிக்கர்ஸ்கில் ஆம்ப்ரோஸிடம். "உங்க வில்லை நெசம்னா அவனோடது போலி. அவன் இன்னும் பக்கத்துச் சத்திரத்துலதான் இருக்கான், டாப்சன் போயி சாயங்காலத்துக்குள்ள கட்டி இழுத்துட்டு வந்துடுவாரு. அவனோடது நெசம்னா உங்களோடது போலி. ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க. இல்லாட்டி பாதை தெளிஞ்சதும் தார்ன்பெக் நகர சபைக்கே ஆள் அனுப்பிக் கேக்குறேன்."

ஆம்ப்ரோஸுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இடது பக்கம் பார்க்கிற கடா எங்கே போனது, யாரோடு போனது என்று உலகத்தில் தெரிந்தவர்கள் இப்போது மூன்று பேர். ஒருவன் சத்திரத்து ஜன்னலில் உட்கார்ந்திருந்தான். மற்ற இரண்டு பேர் அந்த மண்டபத்தில் நின்றிருந்தோம். திருட்டுப்போனது என்று ஆம்ப்ரோஸ் சொன்னால், ஓடையில் விழுந்தது என்று சபை முன் சொன்ன அப்பா பொய்யர். திருடியவன் தம்பி என்று சொன்னால், ஒரே மகன் என்ற வார்த்தையும் பொய். சொல்லாவிட்டால் அவன் கையில் இருப்பது போலி, மேலங்கியைக் கழற்றவேண்டியதுதான். அவன் வாயைத் திறக்கவில்லை. திறக்கமாட்டான். சவுக்கடி தனக்கே விழுந்தாலும் திறக்கமாட்டான். நான் அவனை வளர்த்தவள்.

"நீங்க தார்ன்பெக்ல பொறந்தவங்க" என்றார் பிக்கர்ஸ்கில் என்னிடம். "உங்களுக்குத் தெரியும். வேதப் புத்தகத்துல கை வெச்சுச் சொல்லுங்க. எது நெசம்?"

சங்கிலி போட்ட பெரிய புத்தகம் மேடையில் இருந்தது. தினமும் நான் தூசு தட்டுகிற புத்தகம். போய்க் கையை வைத்தேன். பனிக்கட்டி மாதிரி இருந்தது.

"ரெண்டும் நெசம்."

"அது எப்படி?"

"பழைய வில்லையும் தார்ன்பெக் நகரத்தோடதுதான். புது வில்லையும் தார்ன்பெக் நகரத்தோடதுதான். ரெண்டும் எங்கப்பா ராபர்ட் ஹார்கர் வீட்டு ஆணியில தொங்குனதுதான். தட்டான் அச்சை மாத்தி வெட்டிட்டான், அதான் கடா திரும்பிக்கிச்சு. போன வாரம் பழசைப் போட்டுட்டு வந்தவன் மைல்ஸ் ஹார்கர். இங்க நிக்கிறவன் ஆம்ப்ரோஸ் ஹார்கர். ரெண்டு பேரும் எங்கப்பாவுக்குப் பொறந்த பிள்ளைங்க. எனக்குத் தம்பிங்க."

ஆம்ப்ரோஸ் என்னைப் பார்க்கவில்லை. பித்தளைக் கொம்புக்காரர் பிடில்காரரைத் திரும்பிப் பார்த்தார். தார்ன்பெக்காரர் அவர், இன்று ராத்திரிக்குள் இல்லாவிட்டாலும் வாரத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

பிக்கர்ஸ்கில் விடவில்லை. "அந்த மைல்ஸுக்கு வில்லை எப்படிக் கிடைச்சுது? உங்கப்பா குடுத்தாரா?"

"ஐயா, ஒரு வீட்டுப் பிள்ளை அந்த வீட்டு ஆணியிலருந்து ஒரு பொருளை எடுத்து மாட்டிக்கிட்டா, அதைக் கேக்க வேண்டியவரு அந்த வீட்டுக்காரரு. அவரு கேக்கல. சாகுறவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் புகார் குடுக்கல. அவரே குடுக்காத புகாரை நீங்க எதுக்குக் குடுக்குறீங்க?"

டாப்சன் தொண்டையைக் கனைத்தார். "புகார் இல்லன்னா எனக்கு வேலை இல்லீங்க. உலைல இரும்பு கெடக்கு."

"இன்னொண்ணு" என்றேன். கை இன்னும் புத்தகத்தின் மேல்தான் இருந்தது. "என் வீட்டுக்காரர் வலது பக்கம் பாத்த கடாவைப் பாத்துத்தான் வெகுமதி குடுத்தாரு. தெரிஞ்சுதான் குடுத்தாரு. அவரு கணக்குல போலி இல்ல. இதையும் நான் சத்தியமாச் சொன்னதா எடுத்துக்கங்க."

அவர் கெஜக்கோலால் அளக்கிறவர்தான், ஆனால் அளவு சரியாக வந்தால் ஒப்புக்கொள்கிறவர். தலை குனிந்தார். "சரிம்மா. கத்பர்ட்டைப் பத்திச் சொன்னது தப்புதான். ரெண்டும் தார்ன்பெக்னா ரெண்டும் தார்ன்பெக். ஆனா விதின்னு ஒண்ணு இருக்கு. ஒரு நகரத்துக்கு ஒரு தடவை. இவங்களுக்கு இந்த வருஷம் குடுக்க வழியில்ல. வேணும்னா ஏழைங்க பக்கத்துலருந்து..."

"வேண்டாம்" என்றோம் நானும் ஆம்ப்ரோஸும் ஒரே நேரத்தில்.

அந்த ஒரு வார்த்தையில்தான் அன்று நாங்கள் அக்கா தம்பியாக இருந்தோம்.

ஆம்ப்ரோஸ் தன் ஆட்களைப் பார்த்துத் தலையசைத்தான். முற்றத்தில் இறங்கினார்கள். அவன் சீவாளியை வாயில் வைத்து ஈரமாக்கினான். பையன்கள் ஜன்னல்களில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். வெகுமதி இல்லை என்று தெரிந்தும் முழு வாசிப்பும் வாசித்தான். நிறுவியவருக்கான மெதுவான பாட்டு, பையன்களுக்கான துள்ளல், பிறகு எங்கள் அப்பா தார்ன்பெக் தெருக்களில் குளிர்கால விடியலில் வாசித்துக்கொண்டு போகிற அந்த எழுப்புப் பாட்டு. ஒரு சுரம் பிசகவில்லை. கீழிருந்து தொட்டு ஏறுகிற வேலையெல்லாம் கிடையாது. நேராகப் போய்ச் சுரத்தின் நடுவில் நிற்கும் ஊதல் அவனுடையது.

முடித்துவிட்டுக் குழலைத் துணிப்பையில் போட்டுக் கட்டினான். நான் சமையற்கட்டு வாசலில் நின்றேன்.

"உள்ள வா. சட்டையைக் காயப்போடு. கஞ்சி சூடா இருக்கு."

"அப்பாவுக்கு ஒரே மகன்" என்றான். "இத்தனை வருஷம் அதைக் காப்பாத்தினோம். இன்னைக்குப் புத்தகத்துல கை வெச்சு நீ ரெண்டாக்கிட்ட."

"நான் ஆக்கலடா. அம்மா ஆக்கினா."

அவன் முகத்தில் ஏதோ அசைந்தது. கோபமா வேறேதாவதா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

"அவனைக் கட்டி அடிச்சிருப்பாங்க" என்றேன். "ஹார்கர் முதுகுல சவுக்கு விழுந்திருக்கும். அது கௌரவமா?"

"அவன் ஹார்கரே இல்லன்னு அப்பா சொல்லிட்டாரு. அது யாரோ ஒரு நாடோடி முதுகு."

"எனக்கு அந்த முதுகைத் தெரியும். அம்மை வந்தப்ப ஒரு கண்றாவி எண்ணெயை ராப்பகலா தடவினவ நான்."

"நீ கஞ்சி ஊத்தினியாமே அவனுக்கு."

"பள்ளிக்கூடக் கஞ்சி. யாரு வந்தாலும் ஊத்துவேன்."

"அப்போ யாரோ ஒருத்தனுக்கு ஊத்தினதை எனக்கு ஊத்தாத." மேலங்கியின் கழுத்தை இழுத்து மூடிக்கொண்டான். தோள்பட்டையில் தையல் விட்டிருந்தது. வெள்ளைத் துணி தெரிந்தது. என் சட்டை மார்பில் ஊசி குத்தியிருந்தது, நீல நூலோடு. "வர்றேன்" என்று அவன் சொல்லவில்லை. எங்கள் பக்கம் போகும்போது போகிறேன் என்று சொல்லக்கூடாது, வருகிறேன் என்றுதான் சொல்லவேண்டும். அவன் இரண்டும் சொல்லவில்லை. பிடில்காரர் மட்டும் திரும்பி என்னைப் பார்த்துக் கையெடுத்தார். பெரியவர், பசித்திருப்பார்.

இரண்டு நாள் கழித்துக் கணவாய் திறந்தது. தாடிக்காரர் கூட்டம் வடக்கே போய்விட்டதாக மேபல் சொன்னாள். நடந்ததையெல்லாம் சத்திரத்தில் யாராவது அவனிடம் சொன்னார்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மேபலாகவும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொல்கிறவள், அதை மட்டும் விட்டுவிட்டாள்.

அந்த வருட அறுவடைக்குப் பிறகு கணக்குப் படித்தார்கள். நான் கதவோரப் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்க்க விரும்பியவர்கள் நன்றாகப் பார்க்கட்டும் என்று தொப்பியைக்கூடக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தேன். பிக்கர்ஸ்கில் கூரைக்கல் படித்தார், கண்ணாடி படித்தார், விறகு படித்தார். பிறகு, "தார்ன்பெக் நகரத்து இசைக்காரர்களுக்கு வெகுமதி" என்றார்.

மேபல் முழங்கையால் இடித்தாள். "எந்தத் தம்பிக்கு அக்கா இது?"

"கணக்குல ஆள் பேரு வராதுடி."

காசு வாங்கியவன் ஒருவன். நினைவு நாளன்று நின்று வாசித்தவன் இன்னொருவன். அந்த வரி இருவரையும் சேர்த்துத்தான் சொல்லிற்று. அவர்கள் இருவரும் ஒன்றாக இருந்தது, மைல்ஸ் போன பிறகு, அங்கே மட்டும்தான்.

அடுத்த தை மாதம் கணப்பின் முன் கயிறு கட்டினேன். அந்த வருடமும் அதன்பிறகும் எந்த இசைக்காரரும் வரவில்லை. ஆம்ப்ரோஸ் இப்போது தெற்கே வேறு பாதையில் போகிறானாம், துணி கொண்டுவருகிற வண்டிக்காரர்கள் சொன்னார்கள். நன்றாக இருக்கிறானாம். ஊரில் அப்பாவின் பெயருக்கு ஒன்றும் ஆகவில்லை. கொஞ்ச நாள் பேசினார்கள், பிறகு ஒரு பண்ணையில் தீப்பிடித்தது, அதைப் பேசப் போய்விட்டார்கள். வடக்கேயிருந்து ஒரு செய்தியும் இல்லை. பல் போன குழல்காரனுக்கு எத்தனை குளிர்காலம் என்று நான் கணக்குப் போடுவதில்லை.

நான் செய்தது சரிதான். என் வீட்டு மானத்தை எப்படிக் காப்பது என்று எனக்குத் தெரியும், அதை யாரிடமும் விளக்க வேண்டியதில்லை. நினைவு நாளன்று பெரிய பானை வைக்கிறேன். உப்பு கூடிப்போகிறது என்று பையன்கள் முணுமுணுக்கிறார்கள். கூடத்தான் போடுகிறேன்.

கணக்குப் படிக்கிற நாளில் தவறாமல் போய் உட்கார்கிறேன். கூட்டம் நெளியும், தர்மகர்த்தாக்களில் ஒருவர் தூங்குவார். பிக்கர்ஸ்கில்லுக்கு இப்போது கண் மங்கிவிட்டது, எழுத்தைக் கிட்டே பிடித்துக்கொள்கிறார். விறகுக்கு இவ்வளவு என்கிறார். நான் முதுகை நிமிர்த்திக்கொள்கிறேன். அவர் மூச்சு வாங்குவதில்லை, பக்கம் திருப்புவதில்லை. அடுத்த சொல்லாகவே மெழுகுவர்த்தி வந்துவிடுகிறது.